‘அனுப்பு’ பட்டனுக்கு முன்னால் ஒரு நொடி

மாதக் கடைசி. ஒரு தனியார் அலுவலகத்தின் கணக்குப் பிரிவு. உள்ளே ஒருவருக்குப் போக வேண்டிய சம்பளப் பட்டியல், அதே பெயருள்ள வெளியாள் ஒருவருக்குப் போய்விட்டது. முகவரிக் கட்டத்தில் முதல் இரண்டு எழுத்தைத் தட்டியதும் அவுட்லுக் தானாக எடுத்துக் கொடுத்த பெயர் அது. கண் கவனிக்கவில்லை, விரல் அழுத்திவிட்டது. மறுநாள் காலை அந்தப் பிரிவின் மூத்த கணக்காளர் என் மேசைக்கு வந்து நின்றார்.

“தம்பி, அனுப்புறதுக்கு முன்னாடி ‘இது வெளியாளுக்குப் போகுது, சரிதானா’ன்னு ஒரு வார்த்தை கேக்கிற மாதிரி இதுல ஏதாவது பண்ண முடியுமா?”

“முடியும் சார்” என்று சொல்லிவிட்டேன். எதில் எழுதுவது என்ற கேள்வி அன்று இரவு வந்தது. அதற்கு நான் கண்டுபிடித்த விடையைப் பிறகு மூன்று முறை மாற்ற வேண்டியிருந்தது. மேக்ரோவில் தொடங்கி, விசுவல் பேசிக்குக்குப் போய், சி ஷார்ப்பில் திருப்பி எழுதி, இன்று டைப்ஸ்கிரிப்ட்டில் நிற்கிறேன். அவர் கேட்டது மட்டும் அப்படியே இருக்கிறது: அனுப்பும் முன் ஒரு வார்த்தை.

மெயில் நிரலுக்குள் போய் உட்கார்ந்து, அது தானாகச் செய்யாத வேலையைச் செய்யும் சிறு நிரலைத்தான் ஆட்-இன் என்கிறோம். வாடிக்கையாளரின் மெயிலைத் திறந்தால் பக்கத்திலேயே அவருடைய பழைய ஆர்டர்களைக் காட்டும் பலகை, கூட்ட அழைப்பில் வீடியோ சுட்டியைச் சேர்க்கும் பட்டன், சந்தேகத்துக்குரிய மெயிலைப் பாதுகாப்புப் பிரிவுக்குத் தள்ளிவிடும் பட்டன் என்று அலுவலகம் போகிறவர்கள் தினமும் தொடும் பல விஷயங்கள் யாரோ வெளியிலிருந்து எழுதிச் சேர்த்தவை. இதை எழுதப் புறப்படும் ஒவ்வொரு புரோகிராமரும் முதலில் தேடுவது, “எந்த மொழி நல்லது?” என்பதைத்தான். நானும் அங்கேதான் தொடங்கினேன். அது தவறான தொடக்கம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. மெயில் நிரல் எந்த வாசலைத் திறந்து வைத்திருக்கிறது, அந்த வாசல் இன்னும் எத்தனை ஆண்டு திறந்திருக்கும் என்று முதலில் பார்க்க வேண்டும். மொழி அதன் பின்னால் வரும்.

மேக்ரோவில் தொடங்கியது

அவுட்லுக் முதன்முதலில் வந்தது 1997-இல். அப்போது அதற்குள் நுழைய விரும்பியவர்களுக்கு சி பிளஸ் பிளஸ் தெரிந்திருக்க வேண்டும். அந்த வேலை செய்தவர்கள் மிகச் சிலர். அவுட்லுக் 2000 இரண்டு வாசல்களைத் திறந்துவிட்டது. ஒன்று விபிஏ என்ற மேக்ரோ மொழி. மற்றது ‘காம்’ ஆட்-இன்.

மேக்ரோ எளிமையானது. அவுட்லுக்கில் ஆல்ட்-எஃப்11 அழுத்தினால் எடிட்டர் திறக்கும். மெயில் கிளம்பும் நொடியில் அவுட்லுக் எழுப்பும் ‘ஐட்டம்செண்ட்’ என்ற நிகழ்வுக்குள் பத்து வரி எழுதி, ‘கேன்சல்’ என்பதற்கு ‘ட்ரூ’ என்று மதிப்புக் கொடுத்தால் மெயில் நின்றுவிடும். கணக்காளர் கேட்டதை அரை நாளில் அவருடைய கணினியில் ஓட்டிக் காட்டினேன். அவர் முகத்தில் வந்த நிம்மதி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

சிக்கல் அடுத்த வாரம் வந்தது. அதே வசதி முப்பது பேருக்கு வேண்டும் என்றார்கள். அவுட்லுக்கில் மேக்ரோக்கள் எல்லாம் ஒவ்வொருவர் கணினியிலும் ஒரே ஒரு கோப்பில் சேமிக்கப்படும். அந்தக் கோப்பை மேசை மேசையாகக் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஏற்கெனவே ஒருவர் சொந்த மேக்ரோ வைத்திருந்தால் அது அழிந்துவிடும். மேக்ரோ பாதுகாப்பைத் தளர்த்த வேண்டும். தனக்கென்று ஒருவர் எழுதிக்கொள்ள விபிஏ அருமையான கருவி. பிறருக்கு எழுதித் தர அது ஆகாது.

பாதுகாப்பைத் தளர்த்துவது பற்றிச் சொன்னேன். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1999 மார்ச்சில் மெலிஸா என்ற மேக்ரோ வைரஸ் அவுட்லுக் முகவரிப் புத்தகத்தின் முதல் 50 பேருக்குத் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. 2000 மே 4-ஆம் தேதி பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ வைரஸ் முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் அனுப்பியது. அடுத்த மாதமே மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வெளியிட்டது. அதன் பிறகு வெளி நிரல் ஒன்று முகவரியைத் தொட்டாலோ மெயில் அனுப்ப முயன்றாலோ அவுட்லுக் ஓர் எச்சரிக்கைப் பெட்டியைக் காட்டும். அனுப்பும்போது வரும் பெட்டியில் ‘ஆம்’ பட்டன் ஐந்து நொடி அழுத்த முடியாமல் இருக்கும். நல்ல நோக்கத்துடன் எழுதியவர்களின் ஆட்-இன்களும் ஒரே நாளில் திருடனைப் போல நடத்தப்பட்டன. இந்தக் காவலைத் தாண்டிப்போக ‘ரிடம்ப்ஷன்’ என்ற தனி நூலகமே உருவாகி, பல ஆண்டுகள் அவுட்லுக் புரோகிராமர்களின் கையில் நீங்காத கருவியாக இருந்தது. அவுட்லுக் 2003-இலிருந்துதான், அவுட்லுக் தானே கையில் கொடுக்கும் பொருளைப் பயன்படுத்தும் காம் ஆட்-இன்களை நம்பத் தொடங்கினார்கள்.

வீட்டுக்குள்ளேயே குடியிருப்பு

காம் ஆட்-இன் என்பது அவுட்லுக் ஓடும் அதே நினைவிடத்துக்குள் ஏறி உட்காரும் டிஎல்எல் கோப்பு. அது ஐந்து அழைப்புகளுக்குப் பதில் சொன்னால் போதும்: இணைக்கும்போது, பிரிக்கும்போது, ஆட்-இன் பட்டியல் மாறும்போது, அவுட்லுக் எழுந்து முடிந்ததும், மூடத் தொடங்கும்போது. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் அதன் பெயரை எழுதி, ஏற்றும் முறை என்ற இடத்தில் 3 என்று குறித்தால் அவுட்லுக் எழும்போதெல்லாம் அதுவும் எழும். ஏறும்போது தவறு நடந்தால் அந்த 3 தானாக 2 ஆகிவிடும். “உங்க ஆட்-இன் காணோம் சார்” என்று போன் வந்தால் முதலில் பார்க்கும் இடம் அதுதான்.

உள்ளேயே குடியிருப்பதால் எல்லாம் கைக்கு எட்டும். எந்தக் கோப்புறையையும் திறக்கலாம், எந்தப் பழைய மெயிலையும் படிக்கலாம், ரிப்பனை மாற்றலாம். நம் நிரல் விழுந்தால் அவுட்லுக்கையும் இழுத்துக்கொண்டு விழும் என்பது அதற்கான விலை.

இந்த வாசலுக்கு அன்று நான்கு மொழிகள் பொருந்தின. விசுவல் பேசிக் 6, சி பிளஸ் பிளஸ், டெல்ஃபி, பின்னால் வந்த சி ஷார்ப். எதைத் தேர்ந்தெடுப்பது என்று அந்தக் காலத்தில் நடந்த வாக்குவாதங்கள் கொஞ்சநஞ்சமல்ல. நான் விசுவல் பேசிக் 6-ஐ எடுத்தேன், தெரிந்த மொழி என்பதால். இரண்டு நாளில் வேலை முடிந்தது. 1998-இல் வெளிவந்த அந்தக் கருவியால் 32 பிட் டிஎல்எல் மட்டுமே உருவாக்க முடியும் என்பது அன்று ஒரு குறையாகவே தெரியவில்லை. அவுட்லுக் 2010 வந்தபோது முதன்முறையாக 64 பிட் பதிப்பும் சேர்ந்து வந்தது. 64 பிட் அவுட்லுக்குக்குள் 32 பிட் டிஎல்எல் ஏறாது. ஆபீஸ் 2019 முதல் 64 பிட்தான் இயல்பாக இன்ஸ்டால் ஆகும் என்று ஆனபோது என் ஆட்-இன் ஒவ்வொரு மேசையாக மறைந்துகொண்டே வந்தது. நிரலில் ஓர் எழுத்தும் நான் மாற்றவில்லை. வாசல் அகலம் மாறிவிட்டது, அவ்வளவே.

சி பிளஸ் பிளஸ் எழுதியவர்கள் தப்பித்தார்கள். இரண்டு அளவுக்கும் தனித்தனியாகத் தொகுத்துக் கொடுத்தார்கள். அவுட்லுக்கின் அடித்தளமான விரிவுபட்ட மேப்பி என்ற அடுக்கைத் தொடும் வேலைக்கு அந்த மொழிதான் சரி. சி ஷார்ப் ஓடும் தளமான டாட்நெட்டில் அதை அழைப்பதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. மெயில் காப்பகம், மறையாக்கம், வைரஸ் சோதனை செய்கிற நிறுவனங்கள் சி பிளஸ் பிளஸ்ஸைப் பிடித்துக்கொண்டதற்கு இது காரணம். ஆனால் எச்சரிக்கைப் பெட்டி காட்ட அது தேவையில்லை. ஒரு நாள் வேலையைப் பத்து நாள் ஆக்கிவிடும்.

சி ஷார்ப்புக்கு ஏற்ற பாதையாக வந்தது விஎஸ்டிஓ. விசுவல் ஸ்டுடியோவில் ‘அவுட்லுக் ஆட்-இன்’ என்று தேர்ந்தெடுத்தால் எலும்புக்கூடு தயாராகக் கிடைக்கும். ஒரே தொகுப்பு 32, 64 இரண்டிலும் ஓடும். நானும் அதற்கு மாறினேன். முதல் வாரத்திலேயே ஒரு விசித்திரம். என் பட்டன் காலையில் வேலை செய்யும், பத்து நிமிடம் கழித்துச் செத்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. மூன்று நாள் தேடினேன். பட்டனைக் குறிக்கும் மாறியை ஒரு சிறு செயற்கூறுக்குள் அறிவித்திருந்தேன்; வேலை முடிந்ததும் டாட்நெட்டின் நினைவகத் துப்புரவாளர் அதைக் குப்பை என்று எடுத்துப் போட்டுவிட்டார். மாறியை வகுப்பு மட்டத்துக்கு மாற்றியதும் பட்டன் உயிரோடு நின்றது. இதற்கு நேர் எதிரான நோயும் உண்டு. அவுட்லுக்கின் பொருள்களை எடுத்துக்கொண்டு விடுவிக்க மறந்தால், பயனர் அவுட்லுக்கை மூடிய பிறகும் அது டாஸ்க் மேனேஜரில் பேய் போல உட்கார்ந்திருக்கும். சி ஷார்ப்பில் அவுட்லுக் வேலை செய்த எவரும் இந்த இரண்டையும் கடந்தே வந்திருப்பார்கள்.

ஆயிரம் மில்லி நொடி

அவுட்லுக் 2013 ஒரு கடிகாரத்தைக் கையில் எடுத்தது. ஒவ்வோர் ஆட்-இன்னும் எழ எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளக்கும். அடுத்தடுத்த ஐந்து தொடக்கங்களின் இடைநிலை அளவு 1000 மில்லி நொடியைத் தாண்டினால் அந்த ஆட்-இன்னை முடக்கிவிடும். மூடுவதற்கும், கோப்புறை மாறுவதற்கும், மெயில் திறப்பதற்கும் 500 மில்லி நொடி.

ஒரு நொடி என்பது மனிதருக்குச் சிறியது. டாட்நெட் ஃப்ரேம்வொர்க் முழுவதையும் முதன்முறையாக எழுப்பி, அதன்மேல் ஆட்-இன்னை ஏற்ற வேண்டிய பழைய கணினிக்கு அது இறுக்கமான கெடு. அவுட்லுக் எழும்போது தரவுத்தளத்தோடு இணைவது, சர்வரிடம் உரிமம் கேட்பது போன்ற வேலைகளை வைத்திருந்தவர்கள் எல்லோரும் அகப்பட்டார்கள். நானும்தான். எழும்போது எதையும் செய்யாமல், முதன்முறை தேவைப்படும்போது மட்டும் செய்யும்படி எல்லாவற்றையும் தள்ளிப்போட்டேன். சி ஷார்ப்பிலேயே கெடுவுக்குள் வந்துவிட்டது. “டாட்நெட் மெதுவு, சி பிளஸ் பிளஸ்ஸுக்குப் போ” என்று சொன்ன நண்பர்களுக்கு நான் காட்டிய சான்று அதுதான். தாமதத்தில் பெரும்பங்கு நாம் வைத்த வேலையில் இருந்தது.

வலைப்பக்கம் உள்ளே வந்தது

அதே 2013-இல் மைக்ரோசாஃப்ட் இன்னொரு வாசலையும் வைத்தது. ‘ஆபீஸ் ஆப்ஸ்’ என்று பெயர் வைத்து, பிறகு ‘ஆபீஸ் ஆட்-இன்’ என்று மாற்றினார்கள். இதில் டிஎல்எல் இல்லை, ரெஜிஸ்ட்ரி இல்லை. நம் ஆட்-இன் ஒரு வலைப்பக்கம். எங்கோ ஒரு சர்வரில் இருக்கும். அதன் முகவரி, பட்டன்களின் பெயர், கேட்கும் அனுமதி ஆகியவற்றைச் சொல்லும் மேனிஃபெஸ்ட் என்ற சிறு கோப்பு மட்டும் அவுட்லுக்கிடம் கொடுக்கப்படும். அவுட்லுக் அந்தப் பக்கத்தைத் தனக்குள் ஒரு சின்ன பிரவுசரில் திறந்து, ஆபீஸ் டாட் ஜேஎஸ் என்ற நூலகம் வழியாக மெயிலோடு பேச விடும்.

அன்று நாங்கள் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தச் சின்ன பிரவுசர் இன்டர்நெட் எக்ஸ்புளோரராக இருந்தது. புதிய ஜாவாஸ்கிரிப்ட் எழுதினால் அதற்குப் புரியாது. திறந்திருக்கும் ஒரு மெயிலைத் தவிர வேறெதையும் தொட முடியாது. அனுப்பும் நொடியைப் பிடிக்க வழியே இல்லை. எனக்கு வேண்டியது அந்த நொடி ஒன்றுதான் என்பதால், நான் பல ஆண்டுகள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மெல்ல மெல்ல எல்லாம் மாறியது. எக்ஸ்புளோரரின் இடத்துக்கு குரோமியம் அடிப்படையிலான வெப்வியூ2 வந்தது. எக்ஸ்புளோரரைச் சார்ந்திருந்த அவுட்லுக் 2016, 2019 பதிப்புகளுக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. ‘ஸ்மார்ட் அலர்ட்ஸ்’ என்ற பெயரில் அனுப்பும் நொடியும் வலை ஆட்-இன் கைக்குக் கிடைத்தது. மெயில் கிளம்பும்போது நம் செயற்கூறை அவுட்லுக் அழைக்கும். அனுமதி இல்லை என்று பதில் தந்து ஒரு செய்தியையும் கொடுத்தால் மெயில் நிற்கும். கணக்காளர் கேட்டது இதுவேதான்.

இதில் ஒரு தேர்வு இருக்கிறது, அதைக் கவனமாகச் செய்ய வேண்டும். நம் ஆட்-இன்னை அந்த நேரத்தில் ஏற்ற முடியாமல் போனால் மெயிலைப் போகவிடுவதா, நிறுத்தி வைப்பதா என்று மேனிஃபெஸ்ட்டிலேயே சொல்ல வேண்டும். கண்டிப்பான முறையை வைத்துவிட்டு சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பிக்க மறந்தால், அலுவலகம் முழுவதும் ஒரு மெயிலும் அனுப்ப முடியாமல் உட்கார்ந்திருக்கும். வலை ஆட்-இன் எழுதுகிறவர் புரோகிராமராக மட்டும் இருந்தால் போதாது. இரவும் பகலும் ஒரு சர்வரைக் காப்பவராகவும் இருக்க வேண்டும். கருவி பற்றிய பேச்சில் இந்தச் செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

2024 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸுக்கான புதிய அவுட்லுக்கை எல்லோருக்கும் உரியதாக வெளியிட்டது. அதில் காம் ஆட்-இன் ஏறாது. விஎஸ்டிஓ ஏறாது. விபிஏ மேக்ரோ ஓடாது. வலை ஆட்-இன் மட்டுமே. பழைய அவுட்லுக்கைக் குறைந்தது 2029 வரை ஆதரிப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். விஎஸ்டிஓவோ டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.8 வரிசையோடு நின்றுவிட்டது. புதிய டாட்நெட்டுக்கு அதைக் கொண்டுபோகும் திட்டம் இல்லை என்பது மைக்ரோசாஃப்டின் அறிவிப்பு. எந்த மொழி நல்லது என்று இருபது ஆண்டுகள் நடந்த வாக்குவாதத்தை ஒரே வெளியீடு முடித்து வைத்தது.

ஒரு தகவலை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. டெல்ஃபியை வடிவமைத்தவர் ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் என்ற டென்மார்க்காரர். 1996-இல் போர்லாண்ட் நிறுவனத்திலிருந்து மைக்ரோசாஃப்டுக்குப் போய் சி ஷார்ப்பை வடிவமைத்தார். 2012-இல் டைப்ஸ்கிரிப்ட்டைக் கொண்டுவந்தவரும் அவரே. அவுட்லுக்கின் மூன்று காலங்களிலும் ஆட்-இன் எழுதக் கைகொடுத்த மொழிகளில் மூன்று, ஒரே மனிதரின் கையிலிருந்து வந்தவை. சி ஷார்ப்பிலிருந்து டைப்ஸ்கிரிப்ட்டுக்கு மாறியபோது அந்நியமாகத் தோன்றாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

‘இணைப்பு’ என்ற சொல்

சம்பளப் பட்டியல் வேலை முடிந்ததும் கணக்காளர் இன்னொன்று கேட்டார். ‘இணைப்பில் காண்க’ என்று எழுதிவிட்டுக் கோப்பை இணைக்காமல் அனுப்பும் பழக்கம் பிரிவில் எல்லோருக்கும் இருந்தது. கடிதங்கள் தமிழில் போகிற அலுவலகம் அது. ‘இணைப்பு’ என்ற சொல் மெயிலில் இருக்கிறதா, கோப்பு இருக்கிறதா, இவ்வளவுதான் சோதனை. கருவித் தேர்வில் தமிழ் எழுதுகிறவர்களுக்கு மட்டும் உரிய ஒரு கணக்கு இருக்கிறது என்பதை அன்று கற்றேன்.

விபிஏ எடிட்டரும் விசுவல் பேசிக் 6-இன் எடிட்டரும் யூனிகோடு அறியாதவை. அவற்றில் ‘இணைப்பு’ என்று தட்டினால் கேள்விக்குறிகள்தான் விழும். அந்தச் சொல்லை இ, ண, ஐகாரக் குறி, ப, புள்ளி, ப, உகரக் குறி என்று ஏழாகப் பிரித்து, 2951-இல் தொடங்கி ஏழு எண்களாக எழுத வேண்டியிருந்தது. ஒரு சொல்லுக்கு இது சரி. ‘இணைத்துள்ளேன்’, ‘இணைக்கப்பட்டுள்ளது’ என்று போனால் நிரலைப் படிக்கவே முடியாது. டெல்ஃபி 2009-இலிருந்து யூனிகோடுக்கு வந்தது. சி ஷார்ப் பிறந்ததிலிருந்தே தமிழை ஏற்பது; ஜாவாஸ்கிரிப்ட்டும் தமிழை ஏற்கும்.

ஏற்றுக்கொண்டால் மட்டும் போதாது. ‘இணை’ என்று தொடங்கும் சொற்களைத் தேடினேன். ‘இணையம்’, ‘இணையதளம்’ வந்த மெயில்களை எல்லாம் ஆட்-இன் மறித்தது. ‘இணைப்ப’, ‘இணைத்த’, ‘இணைக்க’ என்று வேர்களைக் கொஞ்சம் நீட்டி வைத்த பிறகு சரியானது. ஜாவாஸ்கிரிப்ட்டில் சொல்லின் எல்லையைக் குறிக்கும் பழகிய குறியீடு ஆங்கில எழுத்துகளை மட்டுமே எழுத்தாகக் கருதும்; தமிழ்ச் சொல்லின் முடிவு அதற்குத் தெரியாது. ஒகர ஓகாரக் குறிகளை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பையோ இரட்டைக் கொம்பையோ காலோடு சேர்த்து இரண்டாகவும் எழுதலாம். திரையில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டும் கணினிக்கு வேறு வேறு. ‘கோப்பு’ என்ற சொல்லிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. தேடும் முன் உரையை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் ‘நார்மலைஸ்’ என்ற செயற்கூறு சி ஷார்ப்பிலும் ஜாவாஸ்கிரிப்ட்டிலும் உண்டு. தமிழ் மெயிலைத் தொடும் எந்த ஆட்-இன்னும் அதை அழைக்காமல் தொடங்கக் கூடாது.

மற்ற வாசல்கள்

அவுட்லுக்கில் நடந்த கதை அங்கே மட்டும் நடக்கவில்லை. தண்டர்பேர்டின் பழைய நீட்சிகள் நிரலின் எந்த மூலையையும் மாற்றும் சுதந்திரம் கொண்டவை. 2020-இல் வந்த 78-ஆம் பதிப்பு அந்த வழியை மூடி, பிரவுசர் நீட்சிகளைப் போன்ற மெயில் எக்ஸ்டென்ஷன்களை மட்டும் ஏற்றது. மறையாக்கத்துக்குப் பலரும் நம்பியிருந்த எனிக்மெயில் ஓட முடியாமல் போனதால், அந்த வசதியைத் தண்டர்பேர்ட் தனக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. ஆப்பிள் மெயிலில் அனுமதி இல்லாமலே காலங்காலமாக ஓடிவந்த செருகுநிரல்கள் 2023-இன் மேக் ஓஎஸ் சோனோமாவோடு முடிந்தன. அதற்கு இரண்டு ஆண்டு முன் வந்த மெயில்கிட் என்ற சட்டகத்தில்தான், பெரும்பாலும் ஸ்விஃப்ட் மொழியில், எழுதியாக வேண்டும். இந்த இரண்டிலும் அனுப்பும் நொடியைப் பிடிக்க முறையான வழி இருக்கிறது.

ஜிமெயில் வேறு மாதிரி. 2017 அக்டோபரில் அது ஆட்-ஆன்களைத் திறந்தபோது, நம் நிரல் கூகுளின் சர்வரில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் மொழியில் ஓடி, பக்கத்தில் காட்ட வேண்டிய அட்டைகளை மட்டும் அனுப்பும் முறையை வைத்தது. அதே அட்டை போனிலும் தெரியும். ஆனால் நம் சொந்த வலைப்பக்கத்தை அங்கே காட்ட முடியாது, ஒரு சொடுக்குக்கான வேலை 30 நொடிக்குள் முடிய வேண்டும், அனுப்பும் மெயிலை நிறுத்தவும் வழி தரப்படவில்லை. கணக்காளரின் தேவைக்கு அது உதவாது.

எதில் தொடங்குவது?

இன்று ஒருவர் புதிதாக அவுட்லுக் ஆட்-இன் தொடங்கினால் டைப்ஸ்கிரிப்ட்டையும் ஆபீஸ் டாட் ஜேஎஸ்ஸையும் எடுங்கள் என்பேன். இதில் எனக்குத் தயக்கம் இல்லை. விண்டோஸ், மேக், பிரவுசர் மூன்றிலும் ஒரே நிரல் ஓடும். மேசை மேசையாக இன்ஸ்டால் செய்ய வேண்டாம். நிர்வாகி ஓரிடத்திலிருந்து எல்லோருக்கும் கொடுத்துவிடுவார். எந்தப் பண்பு எதைத் திருப்பித் தரும் என்று டைப்ஸ்கிரிப்ட் எழுதும்போதே சொல்வதால், ஆபீஸ் டாட் ஜேஎஸ்ஸின் நீண்ட பெயர்களில் வழி தவறாது. ரியாக்ட் போன்ற பெரிய சட்டகங்கள் பக்கப்பலகைக்கு நல்லவை. அனுப்பும் நொடியில் ஓடும் பகுதிக்கு அவை வேண்டாம்; பழைய அவுட்லுக்கில் அந்தப் பகுதி பக்கமே இல்லாத, வெறும் ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் ஓடும் சூழலில் இயங்குகிறது.

சி ஷார்ப் மட்டும் தெரிந்த அணிகள் பிளேஸர் வழியாக அதையே பிரவுசரில் ஓட்டலாமா என்று கேட்பதுண்டு. பலகைக்கு முடியும். ஆனால் மெயிலைத் தொடும் ஒவ்வோர் இடத்திலும் ஜாவாஸ்கிரிப்ட் வழியாகத்தான் போக வேண்டும். ஒரு மாதம் ஒதுக்கி டைப்ஸ்கிரிப்ட் கற்பது குறைந்த செலவு.

வலை வாசல் எல்லோருக்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். அது அடிப்படையில் எக்ஸ்சேஞ்ச், மைக்ரோசாஃப்ட் 365 அஞ்சல்பெட்டிகளுக்காக வடிவமைக்கப்பட்டது. பாப் முறையில் மெயிலை இறக்கி, கணினியிலேயே பிஎஸ்டி கோப்பில் வைத்திருக்கும் சிறு அலுவலகங்கள் உண்டு. இணையத்தையே தொடாத உள்வலையில் இயங்கும் இடங்கள் உண்டு. ஆயிரக்கணக்கான பழைய மெயில்களைக் கோப்புறை கோப்புறையாகத் துழாவ வேண்டிய வேலைகள் உண்டு. அவர்களுக்கு இன்றும் விஎஸ்டிஓவும் சி ஷார்ப்பும்தான் வழி. எழுதித் தருகிறவர் அதன் ஆயுளையும் முதல் நாளே எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

வலை ஆட்-இன்னிலும் எதுவும் நிலையாக நிற்பதில்லை. அது அஞ்சல்பெட்டியோடு பேசப் பயன்படுத்திய இடபிள்யூஎஸ் என்ற பழைய வழியை எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் 2026 அக்டோபரிலிருந்து நிறுத்துவதாக அறிவித்திருக்கிறார்கள். அதை நம்பி எழுதியவர்கள் அதற்குப் பதிலான கிராஃப் ஏபிஐக்கு மாற வேண்டும். ஆகவே நான் இப்போது எழுதும்போது ஆட்-இன்னை இரண்டாக வெட்டிவிடுகிறேன். பெறுநர் பட்டியல், பொருள், உரை, இணைப்புகளின் எண்ணிக்கை ஆகியவற்றை வாங்கி, எச்சரிக்கை வேண்டுமா என்று மட்டும் சொல்லும் பகுதி ஒன்று. அதற்கு அவுட்லுக் என்றால் என்னவென்றே தெரியாது. அந்தத் தகவல்களை மெயில் நிரலிடமிருந்து வாங்கிக் கொடுக்கும் மெல்லிய ஓடு இன்னொன்று. முதல் பகுதியைத் தண்டர்பேர்டுக்கு எடுத்துப் போனபோது ஒரு வரியும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஓட்டை மட்டும் ஒன்றரை நாளில் புதிதாக எழுதினேன். ‘இணைப்பு’க்கும் ‘இணைய’த்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்க நான் செலவிட்ட மாதங்கள் அந்த முதல் பகுதியில் பத்திரமாக இருக்கின்றன.

ஆட்-இன் எழுதாத வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அலுவலகத்தில் பழைய அவுட்லுக் இருந்தால், நாளைக் காலை ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் என்று போய்ப் பாருங்கள். எந்த ஆட்-இன் எந்த வகை என்று பட்டியல் இருக்கும். ‘காம் ஆட்-இன்’ என்று குறித்த ஒவ்வொன்றின் பெயரையும் எழுதிக்கொண்டு, அதை எழுதித் தந்தவரை அழைத்து வலைப் பதிப்பு எப்போது வரும் என்று கேளுங்கள். அந்தப் பதிப்பு உங்கள் மெயில்களைப் படிக்க எந்த அளவு அனுமதி கேட்கப் போகிறது, படித்ததை எந்த சர்வருக்கு அனுப்பும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பதில் சொல்ல ஆள் இல்லாத ஆட்-இன் ஏதாவது அந்தப் பட்டியலில் இருந்தால், அதற்கு மாற்றுத் தேடும் வேலையை இந்த ஆண்டே தொடங்கிவிடுங்கள்.